மாடிக்காரர் போட்ட ட்ரெயிலர்

அவர் வீட்டில் எந்தப் படமும் நேராக ஆரம்பித்ததில்லை. முதலில் விளக்கு பாதி அணையும். பிறகு இன்னும் கொஞ்சம். பிறகுதான் முழுதும் அணையும். திரைக்கு முன்னால் மெரூன் கலரில் ஒரு படுதா. அது மோட்டாரில் ஓடுவது, முனகிக்கொண்டே விலகும். விலகியதும் படம் வருமா என்றால் வராது. ட்ரெயிலர் வரும். அது முடிந்தால் இன்னொன்று. அதுவும் முடிந்தால் இன்னொன்று. மூன்று ட்ரெயிலர் போடாமல் அந்த மனுஷன் ஒரு படம்கூடக் காட்டியதில்லை. வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற படத்துக்கு எதற்கு ட்ரெயிலர் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சிரித்துவிட்டு அடுத்த ட்ரெயிலரைப் போடுவார்.

அவர் எங்கள் வீட்டு ஓனர். கோயமுத்தூரில் கணபதிக்குப் பக்கத்தில் ஒரு சந்து. கீழ்வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். முன்னறையில் நான் மாவு மில் வைத்திருந்தேன். மாடியில் அவரும் அவர் மனைவியும். அதற்கும் மேலே மொட்டை மாடியில் ஓர் அறை கட்டி, அதைத் தியேட்டர் ஆக்கியிருந்தார். எங்கள் பக்கம் வீட்டு ஓனரையும் ஊட்டுக்காரர் என்பார்கள், புருஷனையும் ஊட்டுக்காரர் என்பார்கள். "உங்க ஊட்டுக்காரர் இந்த வாரம் என்ன படம் போடறாருங்க?" என்று அரைக்க வருகிறவர்கள் கேட்டால், "எந்த ஊட்டுக்காரரு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்தக் குழப்பம் இங்கே வேண்டாம். ஓனரை மாடிக்காரர் என்றே எழுதுகிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆள் உயிரோடு இருக்கிறார், படிக்கிற பழக்கமும் உண்டு.

போர்வெல் மோட்டார் விற்கிற கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்ததும் இந்தப் பைத்தியம் பிடித்தது. புரொஜக்டர், சுவர் அகலத்துக்குத் திரை, மூலைக்கு ஒன்றாக ஸ்பீக்கர், தரையில் ஒரு பெரிய டப்பா. அந்த டப்பாவில் சத்தம் வந்தால் கீழே என் அலமாரியில் தட்டு ஆடும். வாரத்தில் ஆறு நாள் என் மில் சத்தத்தை அவர் பொறுத்துக்கொண்டார், ஏழாவது நாள் அவர் சத்தத்தை நான் பொறுத்துக்கொண்டேன். அதில் எனக்குப் புகார் இல்லை.

ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்குப் படம். சந்தில் யார் வேண்டுமானாலும் போகலாம். சோபா ஒன்று, மீதியெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி. அவர் குளித்து, திருநீறு பூசி, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வாசலில் நிற்பார். "வாங்கம்மணி. செருப்பு அக்கட்ட உடுங்க. தண்ணி குடிச்சீங்களா?"

வாரம் முழுதும் அவருக்கு அந்த மூன்று ட்ரெயிலரைத் தேடுவதுதான் வேலை. படத்தை அரை மணியில் முடிவு செய்துவிடுவார். ட்ரெயிலருக்கு நாலு நாள் ஆகும். பேய்ப் படம் போடுகிற வாரம் முதல் ட்ரெயிலர் லேசான பயம், இரண்டாவது இன்னும் கொஞ்சம், மூன்றாவது நல்ல பயம். அழுகிற படம் என்றால் அதற்கும் அப்படியே ஒரு கணக்கு. ட்ரெயிலர் சத்தமும் படத்தின் சத்தமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று சனிக்கிழமை போட்டுப் போட்டுப் பார்ப்பார். கீழே என் தட்டுகள் ஆடும்.

"படத்துக்குள்ள திடுதிப்புனு போகக்கூடாதுங்கம்மணி" என்பார். "கண்ணு இருட்டுக்குப் பழகோணும். காது பழகோணும். மனசும் சித்த பழகோணுமில்லீங்க?"

"எனக்கு எல்லாம் பழகிருச்சு. படத்தைப் போடுங்க."

"போட்டறலாமுங்க, போட்டறலாமுங்க."

சில ட்ரெயிலர் ரொம்ப நன்றாக இருக்கும். இந்தப் படத்தை எப்போது போடுவீர்கள் என்று யாராவது கேட்பார்கள். "அது வேண்டாமுங்க" என்பார். "முழுசாப் பார்த்துட்டேன். ட்ரெயிலர்தான் நல்லா இருக்குது."

படத்துக்கு மட்டும் என்றால் தொலைகிறது என்று விடலாம். அந்த ஆள் வாயைத் திறந்தாலே அப்படித்தான். ஒரு வெயில் காலத்தில் போர் மோட்டார் எரிந்துபோனது. முதல் நாள் மில் வாசலில் வந்து நின்று, "தண்ணி கொஞ்சம் மெதுவா வருமாட்ட இருக்குதுங்கம்மணி" என்றார். மறுநாள் வந்து, "ரெண்டு கொடம் புடிச்சு வெச்சுக்கறது நல்லதுங்க" என்றார். அதற்கு மறுநாள், "மோட்டார் சத்தத்தையே காணமாட்ட இருக்குதுங்க" என்றார். மோட்டார் மூன்று நாளாக வெளியே கழற்றிக் கிடக்கிறது, உள்ளே காயில் கருகிய வாசம் சந்து முழுக்க அடிக்கிறது. நான் சல்லடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, எரிஞ்சுபோச்சுன்னா எரிஞ்சுபோச்சுன்னு சொல்றதுக்கு என்னங்க?"

"சொன்னா உங்களுக்கு வெசனமா இருக்குமில்லீங்க?"

"தண்ணி வராதது வெசனமா, நீங்க சொல்றது வெசனமா?"

அதற்கும் சிரித்தார். ஒன்று சொல்கிறேன், அவர் பொய் சொல்ல மாட்டார். சொன்னதில் எதுவும் பொய் இல்லை. தண்ணீர் மெதுவாகத்தான் வந்தது, குடம் பிடித்து வைத்தது நல்லதாகத்தான் போனது. ஆனால் விஷயம் மட்டும் கடைசியில்தான் வரும். நான் மிளகாய் அரைக்கிறவள். மிளகாய் முன்கூட்டிச் சொல்லிவிட்டு மூக்கில் ஏறுவதில்லை. எனக்கு அவரைப் புரியவே இல்லை.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அவருக்கு இதெல்லாம் சிரிப்பு. "இவிய என்னைப் பொண்ணு பாக்க வந்த கதை தெரியுமா கண்ணு? மொத வாட்டி வந்து எங்கப்பன்கிட்ட மழை பேஞ்சுதான்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. ரெண்டாவது வாட்டி தேங்காய் என்ன வெலைன்னு கேட்டாங்க. மூணாவது வாட்டி எங்கப்பனே கேட்டுட்டாரு, மாப்பிள்ளை, எம்பட பொண்ணு வேணுமா, தேங்காய் வேணுமான்னு."

என் வீட்டுக்காரருக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அவரும் இவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். என் வீட்டுக்காரர் காலேஜ் பஸ் ஓட்டினார். விடிகாலையில் வண்டி எடுத்தால் கத்துகிற பிள்ளைகளோடு முழு நாளும் போகும். ஞாயிற்றுக்கிழமை அந்த இருட்டு அறையில் சோபாவின் வலது ஓரத்தில் உட்கார்ந்துகொள்வார். அது அவர் இடம். ட்ரெயிலர் பார்ப்பதற்கென்றே போவார். படம் ஓடும்போது தூங்கிவிடுவார். நான் போகாத வாரம் கீழே இறங்கி வந்து மூன்று ட்ரெயிலரின் கதையையும் எனக்குச் சொல்வார். பார்க்காத படத்தின் முடிவை அவரே கட்டிச் சொல்வார். அந்த முடிவுகள் நன்றாகத்தான் இருக்கும்.

ஒரு வாரம் மூன்றாவது ட்ரெயிலர் முடிகிற நேரத்தில் கரண்ட் போனது. திரும்பி வரவே இல்லை. எல்லோரும் வியர்த்துக்கொண்டு இறங்கினோம். மாடிக்காரர் மட்டும் சந்தோஷமாக இருந்தார். "முக்காவாசி பார்த்தாச்சுங்க" என்றார். சந்து முனையில் மளிகைக்கடை வைத்திருந்தவர், "அப்ப அடுத்த வாரம் எங்க கடைக்கு வாங்க. பருப்பை மோந்து பார்த்துட்டு, முக்காவாசி தின்னாச்சுன்னு போங்க" என்றார். அதிகம் சிரித்தது மாடிக்காரரும் என் வீட்டுக்காரரும்தான்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

கிணத்துக்கடவில் என் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. நானும் மகளும் போனோம். என் வீட்டுக்காரர் வரவில்லை. "வளைகாப்புல ஆம்பளைக்கு என்ன வேலை? நான் ட்ரெயிலர் பாத்துட்டுத் தூங்கறேன்" என்றார். சாப்பாடு முடிந்து, வந்தவர்கள் பாதிப் பேர் கிளம்பி, நாங்கள் தோப்பு ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. மாடிக்காரர்.

"அம்மணி, விசேஷமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க. என்னங்கண்ணா?"

"சாப்புட்டீங்களா?"

"சாப்பிட்டாச்சு. என்ன விஷயம்?"

"ஒன்னுமில்லீங்க. தம்பிக்கு மேலுக்குக் கொஞ்சம் சொகமில்லாம ஆயிருச்சுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தனுங்க. கொஞ்சம் சீரியஸா இருக்குதுங்க. நீங்க பதட்டப்படாதீங்க. நிதானமா வாங்க."

எங்கள் பக்கம் போனில் யாரும் சாவதில்லை. சீரியஸ்தான் ஆவார்கள். என் மாமனார் தாராபுரத்தில் செத்தபோது சீரியஸ் என்றுதான் போன் வந்தது. போய் இறங்கினால் வாசலில் பந்தல். என் பெரியம்மா செத்தபோதும் சீரியஸ். சீரியஸ் என்றால் முடிந்தது, நிதானமாக வா என்றால் இனி அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை. இதைச் சின்னப் பிள்ளைக்குக்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிலும் சொன்னது யார்? எரிந்துபோன மோட்டாரைத் தண்ணீர் மெதுவாக வரும் என்று சொன்ன ஆள்.

நான் போனைக் கீழே வைத்தேன். நாத்தனார் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க நங்கை?"

"உங்கண்ணன் சீரியஸாமா."

அவ்வளவுதான். அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. நாத்தனாரின் மாமனார் எழுந்து வந்து என் தலையில் கை வைத்து, "மனசைத் தேத்திக்கோ அம்மணி. எல்லாம் அவனவன் எழுத்து" என்றார். ஒருவர்கூட ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போன் செய்து கேட்கவில்லை. செத்த வீட்டுக்குப் போன் செய்து செத்தாரா என்று யார் கேட்பார்கள்?

அதன்பிறகு எல்லாமே நிதானமாக நடந்தது. பட்டுச் சேலையை மாற்று என்றார்கள், மாற்றினேன். அங்கே போனால் தண்ணீர்கூட இறங்காது, இப்போதே குடி என்று டீ கொடுத்தார்கள், குடித்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குத் தெரியக்கூடாது என்று கொஞ்ச நேரம் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். பொள்ளாச்சிக்குப் போன வண்டி திரும்பி வரட்டும் என்று காத்திருந்தோம், ஏனென்றால் நாத்தனார் வீட்டு ஆண்கள் எல்லோரும் ஒன்றாகப் போக வேண்டும், அதுதான் முறை. என் மகள் மட்டும் போலாம்மா, போலாம்மா என்று கையைப் பிடித்து இழுத்தாள். இரு, வண்டி வரட்டும் என்றேன்.

சுந்தராபுரத்தில் பூக்கடையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார்கள். ரோஜா மாலை கட்டிக்கொண்டிருந்தபோது மறுபடி போன்.

"அம்மணி, எங்க வந்துட்டிருக்கீங்க?"

"சுந்தராபுரம் வந்தாச்சுங்க."

"சரிங்க. சரிங்க." மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. "இங்க வந்துங்க... தம்பி... சரி இருக்கட்டுங்க. பாத்து வாங்க."

பாவம், நல்ல மனுஷன், சொல்ல வாய் வரவில்லை என்று நினைத்தேன். நினைத்துவிட்டு மாலைக்காரனிடம் இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கட்டு என்றேன்.

ஆஸ்பத்திரியில் லிப்ட்டை விட்டு வெளியே வந்தபோது மாடிக்காரர் சுவரோரம் நின்றார். தேய்த்த வெள்ளைச் சட்டையின் ஒரு கை கசங்கியிருந்தது. என்னைப் பார்த்தவர் என் கையில் இருந்ததைப் பார்த்தார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வந்தது. சின்னப் பெண். அதுவும் மாலையைத்தான் பார்த்தது.

"உங்களுக்கு யாருங்கம்மா சொன்னாங்க?" என்றது. "இப்பத்தானுங்க உசுரு போச்சு. நீங்க அப்பக் கீழ வந்திருப்பீங்க. அது வரைக்கும் உங்களைத்தான் கேட்டுட்டே இருந்தாருங்க."

மாரடைப்பு என்றார்கள். மாலையை எங்கே வைத்தேன் என்று ஞாபகமில்லை. நான் அழவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போது நான் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் அவருக்கு மாலை கட்டச் சொல்லியிருக்கிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சொல்ல வேண்டிய ஆளிடம் சொன்னேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் படியேறிப் போய்க் கேட்டேன். "உசுரோட இருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு உங்களுக்கு என்ன கேடு?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்காதான் என்னைக் கீழே கூட்டி வந்தார். வந்து மில் வாசலில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னார்.

"இவிய சின்னப் பையனா இருக்கறப்போ, பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு கிளாஸுக்குள்ள வந்து, எல்லாப் பசங்களுக்கு முன்னாலயும், உங்கப்பன் செத்துப்போயிட்டான், பையைத் தூக்கிட்டு ஊட்டுக்குப் போடான்னு சொன்னாராமா. அந்த எடத்துலயே ஒன்னுக்குப் போயிட்டாங்களாமா. பசங்கல்லாம் சிரிச்சுப்போட்டாங்க. அதுல இருந்து இவியளுக்கு எதையும் எடுத்தவொடனே சொல்ல வராது கண்ணு. நீ மனசுல வெச்சுக்காதே."

அக்கா அழுதார். அந்தப் பையனை நினைத்தால் எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்கும் சொல்கிறேன், அந்த வாத்தியார் நடந்ததைச் சொன்னார். பையன் வீட்டுக்கு ஓடினான். எனக்கு ஓடக் கிடைக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு சந்துக்குப் போயிருப்பேன். முடியவில்லை. அந்த ஆஸ்பத்திரி அறையில் என் வீட்டுக்காரர் கடைசியாக என்ன பேசினார் என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைத் தெரிந்த ஆள் ஒருவர்தான். அவரோ மில் வாசலில் வந்து நிற்பார்.

"அம்மணி, உங்ககிட்ட ஒன்னு சொல்லோணுமுங்க."

"சொல்லுங்க."

"தம்பி அன்னைக்கு..." என்பார். மில் ஓடிக்கொண்டிருக்கும். நான் ஸ்விட்சை அணைப்பேன். சத்தம் நின்றதும் அவர் பேச்சும் நின்றுவிடும். "அப்பறமாச் சொல்றனுங்க. நீங்க வேலையப் பாருங்க."

இப்படி ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. ஒரு நாள் "தம்பி அன்னைக்குத் தெளிவாத்தான் பேசுனாருங்க" என்பது வரை வந்தார். இன்னொரு நாள் "வலியெல்லாம் அப்ப இல்லீங்க" என்பது வரை வந்தார். கோடை போய் மழையும் வந்துவிட்டது. நான் ராத்திரி படுத்தால் மீதியை நானே கட்டிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் மாதிரி எனக்கு முடிவு கட்ட வராது. என்மேல் கோபமாகச் சொல்லியிருப்பாரோ, பெண்ணைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பாரோ, வராதவளை என்னவென்று சொல்லியிருப்பார்? எதைக் கட்டினாலும் கெட்டதாகவே வந்தது.

அது வரைக்கும் மேலே படம் போடாமல் இருந்தார். பிறகு சந்துக்காரர்கள் கேட்டுக் கேட்டு மறுபடி ஆரம்பித்தார். ஒரு ஞாயிறு மூன்று மணி. கீழே நான் சல்லடைக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். தட்டுகள் ஆடின. முதல் ட்ரெயிலர். கொஞ்ச நேரம் சத்தமில்லை. தட்டுகள் ஆடின. இரண்டாவது ட்ரெயிலர். எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாத கோபம் வந்தது. மேலே இருப்பவர்களுக்கும் ட்ரெயிலர், கீழே இருக்கிற எனக்கும் ட்ரெயிலர். அவர்களுக்காவது கடைசியில் படம் வரும்.

படியேறிப் போனேன். கதவைத் திறந்தேன். நேரே போய்த் திரைக்கு முன்னால் நின்றேன். வெளிச்சம் கண்ணில் அடித்தது. மூன்றாவது ட்ரெயிலர் என் சேலைமேல் ஓடிக்கொண்டிருந்தது.

இருட்டிலிருந்து மளிகைக்கடைக்காரர் குரல் வந்தது. "அம்மணியே ட்ரெயிலர் காட்ட வந்துட்டாங்களாட்ட இருக்குது."

"நீங்க வாயை மூடுங்க" என்றேன். "ஏனுங்கண்ணா, எம்பட ஊட்டுக்காரரு அன்னைக்கு என்ன பேசுனாரு? சொல்லுங்க."

"சொல்றனுங்கம்மணி. இந்தப் படம் முடிஞ்சதும் நானே கீழ வாரனுங்க."

"வேண்டாம். இப்ப."

"ஆளுக இருக்கறாங்களே..."

"இருக்கட்டும்."

சத்தம் நின்றது. விளக்கு எரிந்தது. பாதி, இன்னும் கொஞ்சம் என்றெல்லாம் இல்லாமல் ஒரேயடியாக எரிந்தது. போட்டது அக்கா. "எல்லாரும் சித்த வெளிய வாங்க, காப்பி வெக்கறேன்" என்று அத்தனை பேரையும் கூட்டிப் போனார்.

நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். அவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"மொதல்ல உங்ககிட்ட நான் ஒரு விஷயம்..."

"மொதல்ல எல்லாம் வேண்டாமுங்க. கடைசியில இருந்து சொல்லுங்க."

அவர் சோபாவில் உட்கார்ந்தார்.

"உங்களுக்குச் சொல்லிட்டனான்னு கேட்டாருங்க."

"சரி."

"சொல்லிட்டேன், வந்துட்டிருக்காங்கன்னு சொன்னனுங்க. என்னன்னு சொன்னீங்கன்னு கேட்டாரு. கொஞ்சம் சீரியஸ், நிதானமா வாங்கன்னு சொன்னேன்னு சொன்னனுங்க."

ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் நடுவில் பேசினால் நிறுத்திக்கொள்வார் என்று தெரியும்.

"சிரிச்சாருங்க" என்றார். "போச்சு போங்கண்ணா, அவ மாலை வாங்கிட்டுத்தான் வருவா அப்படின்னாருங்க."

கீழே சந்தில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போகிற வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"அப்பத்தானுங்க எனக்கே உறைச்சுது" என்றார். "ஓடிப்போய் மறுபடி கூப்புட்டனுங்க. உசுரோட இருக்காரு, ஓடி வாங்கன்னு சொல்லோணும்னுதான் கூப்புட்டேன். வாய் வரைக்கும் வந்துதுங்க. அந்த வார்த்தைய எடுத்தவொடனே எப்படிச் சொல்றதுன்னு... இப்ப இருக்காருன்னு சொன்னா, மொதல்ல இல்லைன்னு நான் சொன்னதாட்ட ஆயிருமேன்னு... என்னமோ நெனச்சனுங்க. சொல்ல வரலீங்க. சொல்லிட்டேன்னு அவர்கிட்டப் பொய் சொன்னனுங்க. அது ஒன்னுதான் நான் அவர்கிட்டச் சொன்ன பொய்."

சுந்தராபுரத்திலிருந்து மாலைக்கு நிற்காமல் வந்திருந்தால் பார்த்திருப்பேனா? பார்த்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, உக்கடம் பாலத்தில் கூட்டமே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை. இப்போது நான் மகளோடு பெருந்துறையில் இருக்கிறேன், மில்லை விற்றாகிவிட்டது, அவர் பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்து பத்து நிமிஷம் மழையைப் பற்றிப் பேசுவார். அப்போதும் போகவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்.

ஆனால் அன்றைக்கு அந்த அறையில் கோபத்துக்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. இத்தனை மாதமாக நான் கட்டிப் பார்த்த எதிலும் என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

"எப்படிச் சிரிச்சாரு?" என்று கேட்டேன்.

"என்னங்கம்மணி?"

"எப்படிச் சிரிச்சாருன்னு கேக்கறேன். செஞ்சு காட்டுங்க."

"எனக்கு அதெல்லாம் வராதுங்க."

"காட்டுங்க."

அவர் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஹெ ஹெ என்றார்.

"அப்படிச் சிரிக்க மாட்டாரு."

"மூக்குல டியூப் இருந்துதுங்களே."

"இருந்தாலும் அப்படிச் சிரிக்க மாட்டாரு. நல்லா நெனச்சுப் பாருங்க."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரிமோட்டைப் பக்கத்தில் வைத்தார். எழுந்து சோபாவின் வலது ஓரத்துக்குப் போய், தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வாய் திறக்கவில்லை. சத்தமே இல்லாமல் வயிறு மட்டும் குலுங்கியது. வலது கையைத் தூக்கி சோபாவின் ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அது அவர்தான். கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைக் கேலி செய்துவிட்டு, அப்படித்தான் சட்டத்தைத் தட்டுவார்.

மாடிக்காரர் கண்ணைத் திறந்து, சரிதானா என்பது போல என்னைப் பார்த்தார்.

"இன்னொருக்கா" என்றேன்.

மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.